தண்ணீரும் உப்பும் குறைக்காமல் ஓர் ஆணழகன் போட்டி

போட்டிக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் உப்பை நிறுத்து, தண்ணீரைக் குறை என்பதே எங்கள் ஜிம்மில் வழக்கமான பேச்சு. தோலடியில் நிற்கும் நீர் வடிந்தால் கட்டிங், அதாவது தசைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகள், தெளிவாகத் தெரியும் என்பது அதன் கணக்கு. மாவட்ட ஆணழகன் போட்டியில் 65 கிலோ பிரிவில் இறங்கிய நான், இம்முறை இரண்டையும் மேடையேறும் நாள் வரை ஒரே அளவில் வைத்துப் பார்த்தேன்.

உடலிலுள்ள நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. தசையின் எடையிலேயே முக்கால் பங்கு நீர்தான். குடிப்பதை நிறுத்தினால் தோலடி நீர் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடாது, தசையும் ரத்தமும் சேர்ந்தே வற்றும். உப்பைத் திடீரென நிறுத்தினாலோ அல்டோஸ்டீரோன் ஹார்மோன் கூடி, சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்தத்தின் கன அளவு குறைந்தபின் மேடைக்குப் பின்னால் எத்தனை டம்பெல் தூக்கினாலும் பம்ப், அதாவது ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது, சரியாக ஏறாது.

நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், 6 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டேன். அந்த உப்பில் சோடியம் சுமார் 2,350 மில்லிகிராம். வீட்டுச் சாம்பாரில் எவ்வளவு உப்பு விழுகிறது என்பது அம்மாவின் கைக்கு மட்டுமே தெரியும் என்பதால், கோழி, சோறு, காய் மூன்றையும் உப்பில்லாமல் வேகவைத்து, காலையிலேயே சிறிய டிஜிட்டல் தராசில் எடைபோட்ட உப்பை மூடிபோட்ட கிண்ணத்தில் வைத்து, வேளைக்கு ஒரு சிட்டிகையாகத் தூவிக்கொண்டேன். ஊறுகாய், அப்பளம் பக்கம் போகவில்லை. பொட்டாசியத்துக்கு வாழைப்பழமும் உருளைக்கிழங்குமே போதுமானவை. பொட்டாசியத்தைப் பொடியாக வாங்கிக் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்; ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய வரம்பை அது வெகுவாகத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் எனக்கு அதில் துணிவில்லை.

நான் மாற்றியது சோற்றை மட்டும்தான். கடைசி இரு நாள்களில் நாளுக்கு அரைக் கிலோ அரிசி. சோற்றின் மாவுச்சத்து தசையில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்; அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்படுவதற்கே சோடியம் தேவை; உப்பைக் குறைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். சோற்றாலும் நீராலும் இப்படி ஏறும் எடை ஒரு கிலோவுக்கு மேல் போகலாம் என்பதால், அதற்கு முன்பே 63.5 கிலோவில் நின்றிருந்தேன்; இல்லாவிட்டால் எடை பார்க்கும் மேசையிலேயே பிரிவு மாறியிருக்கும்.

தினமும் காலையில் எடையையும், முந்தைய இரவு சாக்ஸ் பதிந்த தடம் கணுக்காலில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதையும் குறித்தேன். அரிசியைக் கூட்டிய மறுநாள் எடை ஏறியிருந்தும் தடம் ஆழமாகவில்லை. நீர் தசைக்குள்தான் போகிறது என்று ஊகித்துக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் சிலர் உதடு வெடித்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயை மட்டும் நனைத்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். நான் உப்புத் தூவிய சோறும் ஒரு துண்டு கடலை மிட்டாயும் தின்று, கால் லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் பம்ப் எடுத்தேன். முன்கையில் நரம்பு கயிறு போல எழுந்தது. கட்டாய போஸ்கள் முடியும் வரை கெண்டைக்கால் ஒருமுறைகூட இழுக்கவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு மெல்லிய மழமழப்பு இருந்தது. அது நீரல்ல, கரையாமல் நின்ற கொழுப்பு. அதைத் தண்ணீரைக் குறைத்து எடுத்துவிட முடியாது.

நீர் பிரிக்கும் மாத்திரையைப் பற்றி இங்கேயும் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். 1992இல் ஆணழகன் மொஹம்மத் பெனஸீஸா நெதர்லாந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்ததும், 1994இல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கிளாசிக் போட்டி மேடையில் இன்னோர் ஆணழகன் பால் டில்லெட் தசை இறுகி அசைய முடியாமல் நின்றதும் இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைகள். அந்த மாத்திரைகள் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இருக்கின்றன.

அடுத்த போட்டிக்கு இதே தண்ணீர், இதே உப்பு. கொழுப்பைக் கரைக்கும் காலத்தை மட்டும் ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கப்போகிறேன். அரிசி ஏற்றும் நாள்களில் வயிறு உப்பாமல் இருக்கக் கீரையையும் பயறையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.