முதல் வரிசையில் பூஜ்யம் போடாதீர்கள்: கேட் பயோடெக்னாலஜி, என் இரண்டாவது முயற்சி

கேட் என்பது எம்.டெக்., ஆராய்ச்சிப் படிப்புகளுக்கான அகில இந்தியத் தேர்வு. அதன் முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. மதிப்பெண் அட்டையைப் பார்த்து அம்மா சந்தோஷத்தில் அழுதார். நான் அழவில்லை, போன வருஷமே அழுது தீர்த்திருந்தேன்.

போன வருஷம் தகுதி மதிப்பெண்ணைத் தொட ஒன்றரை மதிப்பெண் போதவில்லை. விடைக்குறிப்பும் என் விடைத்தாளும் இணையத்தில் வந்த அன்று ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிட்டுக்கொண்டே போனேன். எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டிய இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று, சீக்வென்ஸ் அலைன்மென்ட் (டிஎன்ஏ அல்லது புரதத்தின் எழுத்து வரிசைகள் இரண்டை எதிரெதிரே வைத்துப் பொருத்துவது). பார்த்த உடனே "இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று சந்தோஷமாகப் போட்ட கேள்வி. அது தப்பு. அந்த இரண்டு மதிப்பெண் வந்திருந்தால் ஒரு வருஷம் மிச்சம்.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கணக்கைப் பற்றித்தான் இருக்கும். மற்ற பாடங்களுக்கு வழிகாட்ட என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியால் அலசும் பாடம்) என்றாலே ஒதுங்கிப் போகிற, விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அப்புறம் பி.எஸ்சி. விலங்கியல். எம்.எஸ்சி. சேர்ந்த பிறகுதான் கணினியில் ஒழுங்காகக் கை வைத்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் பாடம் நடந்த விதம் இது: என்சிபிஐ (அமெரிக்க அரசின் உயிரியல் தரவு மையம்) தளத்தைத் திற, சீக்வென்ஸை ஒட்டு, பிளாஸ்ட் (ஒத்த சீக்வென்ஸைத் தேடும் நிரல்) பொத்தானை அழுத்து, வந்ததை ரெக்கார்டு நோட்டில் ஒட்டு. இரண்டு பருவம் இதையே செய்தோம். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சொல்லித் தரவும் இல்லை. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் ரெக்கார்டுக்கு மதிப்பெண் வரும், கேட்டில் வராது. அங்கே பெட்டிக்குள் நடப்பதை நம் கையால் செய்யச் சொல்வார்கள்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

இரண்டு சீக்வென்ஸ்: டி-ஏ-ஜி-சி ஒன்று, ஏ-ஜி-சி இன்னொன்று. எழுத்து பொருந்தினால் +1, பொருந்தாவிட்டால் −1, இடைவெளி விட்டால் −2. முழு நீள அலைன்மென்ட், அதாவது நீடில்மன், வுன்ஷ் 1970-ல் சொன்ன முறை. மதிப்பு என்ன?

கட்டம் போடுகிறோம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக டி-ஏ-ஜி-சி. தலையில் ஏ-ஜி-சி. மூலையில் 0. இப்போது முதல் வரிசையில் என்ன எழுத வேண்டும்? நான் போன வருஷம் எல்லாவற்றிலும் 0 எழுதினேன். முதல் நெடுக்கத்திலும் 0. அப்படி நிரப்பினால் சரிவில், அதாவது கோணத்தில் இறங்கும் கட்டங்களில், 0, 1, 2, 3 என்று இறங்கி விடை 3 என்று வரும்.

சரியாகச் செய்தால் முதல் வரிசை 0, −2, −4, −6. முதல் நெடுக்கம் 0, −2, −4, −6, −8. ஏனென்றால் அந்த ஓரக் கட்டங்களுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது: "இந்த எழுத்துக்கு எதிரே யாருமே இல்லை". முழு நீளமும் பொருந்த வேண்டும் என்று சொன்ன பிறகு, ஆரம்பத்தில் தனியாக நிற்கும் டி-க்கும் அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த −2-லிருந்து புறப்பட்டால் சரிவு −2, −1, 0, 1 என்று போகும். விடை 1.

3 எங்கிருந்து வந்தது? அது ஸ்மித், வாட்டர்மன் 1981-ல் சொன்ன உள்ளூர் அலைன்மென்டின் விடை. அங்கேதான் ஓரமெல்லாம் 0. எந்தக் கட்டமும் 0-க்குக் கீழே போகாது, பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து திரும்பி நடக்கிறோம், 0 வந்ததும் நின்றுவிடுகிறோம். நான் ஒரு முறையின் ஓரத்தை எடுத்து இன்னொரு முறையின் உடம்பில் ஒட்டியிருந்தேன். கேள்வியில் "குளோபல்" (முழு நீள) என்ற சொல் இருந்தது. கண் படித்தது, கை படிக்கவில்லை.

இந்த வருஷம் அந்தக் கைக்குத்தான் பயிற்சி கொடுத்தேன்.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். அம்மா ஒரு நகரத்தார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், விசேஷத்துக்கு மட்டும் வருவார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகிற வீடு, உள்ளே நாங்கள் இரண்டே பேர். "அங்கனயே உக்காந்து படி ஆத்தா, வீடும் வெளிச்சமா இருக்கும்" என்று வீட்டுக்கார ஆச்சி போனில் சொல்லிவிட்டார். இரண்டாங்கட்டில் பூ இல்லாத சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சதுரம் சதுரமாகக் கட்டம் தயாராக இருக்கிறது. சாக்பீஸ் எடுத்து ஒரு கல்லுக்கு ஓர் எண் என்று எழுதத் தொடங்கினேன். மேலே சொன்ன கணக்குக்கு 20 கல் போதும். ஒரு கல்லில் நின்றுகொண்டு மேலே, பக்கத்தில், கோணத்தில் இருக்கும் மூன்று கல்லையும் குனிந்து பார்த்து, கோணத்து எண்ணோடு +1 அல்லது −1, மற்ற இரண்டோடும் −2 சேர்த்து, வரும் மூன்றில் எது பெரியதோ அதை எழுத வேண்டும். "என்ன தாயி, வீட்டுக்குள்ள கோலமா?" என்று அம்மா கேட்டார். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

காலையில் ஒரு கணக்கு, ஐந்து மணிக்கு. நான்கு மாதம் இப்படி. ஆறு எழுத்துக்கு ஆறு எழுத்து என்றால் 49 கல், சுமார் பத்து நிமிஷம். கடைசியில் தேர்வுக்கூடத்தில் கொடுத்த தாளில் அதையே நாலு நிமிஷத்தில் போட்டேன்.

இதைச் செய்யும்போதுதான் உயிரியலுக்கு ஏன் கணினி தேவைப்பட்டது என்பதே எனக்குப் புரிந்தது. ஆறுக்கு ஆறு என்றால் என் இடுப்பு வலிக்கும். ஆயிரம் எழுத்துள்ள இரண்டு புரதம் என்றால் பத்து லட்சம் கட்டம். மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து. ஒரு சீக்வென்ஸை ஜென்பேங்க் தரவுத்தளத்தில் இருக்கும் அத்தனையோடும் இப்படிக் கட்டம் போட்டு ஒப்பிட்டால் கணினியே திணறும். அதனால்தான் 1990-ல் பிளாஸ்ட் வந்தது. அது முழுக் கட்டத்தையும் நிரப்பாது. சின்னச் சின்ன சொல்லாக வெட்டி (புரதத்துக்கு மூன்று எழுத்து என்பது வழக்கம்), எங்கே பொருந்துகிறதோ அந்த இடத்தை மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கும். ஒன்றிரண்டு தவறிப் போகலாம் என்று தெரிந்தே வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டு பருவம் அந்தப் பொத்தானை அழுத்திய எனக்கு, தரையில் குனிந்த பிறகுதான் இது தெரிந்தது.

கேட்டில் திரும்பத் திரும்ப உரசும் மற்ற இடங்கள், என் நோட்டில் இருந்தபடி:

பாம், பிளோசம். ஓர் அமினோ அமிலத்துக்கு எதிரே இன்னொன்று வந்தால் எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணைகள். எண்கள் எதிரெதிர் திசையில் போகும். பாம் எண் கூடினால் தூரத்து உறவு, பிளோசம் எண் கூடினால் நெருங்கிய உறவு. பாம் அட்டவணை மார்கரெட் டேஹாஃப் குழு 1978-ல் கொடுத்தது, பிளோசம் ஹெனிகாஃப் தம்பதி 1992-ல். அமினோ அமிலங்களுக்கு ஒற்றை எழுத்துக் குறியீடு கொண்டுவந்தவரும் டேஹாஃப்தான். அந்த 20 எழுத்தும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

ஈ-வேல்யூ. இந்த அளவு பொருத்தம் தற்செயலாக எத்தனை வரலாம் என்ற எண். சிறியதுதான் நல்லது. அதே மதிப்பெண், ஆனால் தரவுத்தளம் இரண்டு மடங்கானால் ஈ-வேல்யூவும் இரண்டு மடங்கு. தற்செயலாகப் பொருந்துவதற்கு இடம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

சீக்வென்ஸைச் சேமிக்கும் ஃபாஸ்டா கோப்பு > குறியில் தொடங்கும். ஃபாஸ்ட்க்யூ கோப்பில் எழுத்துகளின் தர எண்ணும் சேரும், ஒரு துண்டுக்கு நாலு வரி. தர எண் 20 என்றால் நூறில் ஒரு எழுத்து தப்பாக இருக்க வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று.

ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டுவது. 1963, சென்னைப் பல்கலைக்கழகம், ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவும். கிளைசின் ஏன் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உட்கார்கிறது (பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன்), புரோலின் ஏன் நகர முடியாமல் இருக்கிறது (வளையம் கட்டிப்போடுகிறது). இந்த இரண்டையும் காரணத்தோடு படியுங்கள். நம் ஊரில் நடந்த வேலை என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு.

ஆல்ஃபாஃபோல்ட். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு. அதற்கான 2020 போட்டியில் ஜெயித்தது, 2024-ல் இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் இருவருக்கும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் வேதியியல் நோபல். படிக்க ஆசையாக இருக்கும். ஒரு நாள் படித்துவிட்டு மூடிவையுங்கள், அது கணக்குக் கேள்வியாக வருவது கடினம்.

ஹோமாலஜி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எம்.எஸ்சி. முடித்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள். "இந்த இரண்டு ஜீனும் 60 சதவீதம் ஹோமாலஜி" என்று எழுதினால் தப்பு. ஒத்துமைதான் சதவீதத்தில் வரும். ஹோமாலஜி என்றால் ஒரே முன்னோரிடமிருந்து வந்தது, உண்டு அல்லது இல்லை. எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நகரத்தாரில் ஒன்பது கோயில் பிரிவு இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோயிலில் ஒரே பிரிவு என்றால் பங்காளி. பங்காளி என்றால் பங்காளிதான், 60 சதவீதம் பங்காளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகஜாடை வேண்டுமானால் கொஞ்சம் இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று சொல்லலாம். சில சமயம் ஜாடையே இல்லாத பங்காளியும் உண்டு, உறவே இல்லாமல் அச்சு அசலாக இருப்பவரும் உண்டு. ஜீனிலும் அப்படியே.

அந்த ஒன்பதை வைத்தே பரிணாம உறவைக் காட்டும் மரக் கணக்கும் போட்டுப் பழகினேன். ஒன்பது இனங்களுக்கு வேரில்லாத மரம் எத்தனை வரையலாம்? 3 × 5 × 7 × 9 × 11 × 13. மொத்தம் 1,35,135. வேரோடு என்றால் இன்னும் 15-ஆல் பெருக்க வேண்டும், 20,27,025. நாலு இனத்துக்கு 3, 15 என்று கையடக்கமாக இருந்தது ஒன்பதுக்குள் இருபது லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கேள்வி எண்ணைத் தட்டும் வகையில் வர நல்ல வாய்ப்புள்ளது. வேர் உண்டா இல்லையா என்று கேள்வியில் வட்டம் போடுங்கள்.

படிக்கும் விதம் பற்றி. எனக்குக் கூட்டமாகப் படிப்பது ஆகாது. தோழிகளோடு உட்கார்ந்த நாட்களில் எல்லாம் புரிந்தது போல இருக்கும், மறுநாள் காலை தரையில் ஒரு கல்கூட நிரம்பாது. தனியாகப் படியுங்கள். ராத்திரி கண்விழிக்காதீர்கள். என்பிடெல் (ஐஐடிகளின் இணையப் பாடம்) காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் ஒன்றும் ஒட்டாது. பைத்தான் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேர்வுக்குத் தேவையில்லை. ஆனால் அதே கட்டத்தை நிரப்பும் நிரலை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், இருபது வரிதான் வரும். முதல் வரிசைக்கு நீங்கள் தனியாக ஒரு வரி எழுதியே ஆக வேண்டும், அங்கே மறந்தால் விடை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்வு நாளுக்கு:
பொது அறிவுத்திறன் 15 மதிப்பெண்ணை முதலிலேயே முடிக்கவும்.
திரையில் வரும் கால்குலேட்டரில்தான் எல்லாப் பயிற்சியும். விசைப்பலகை கிடையாது, மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். வீட்டில் கைக் கால்குலேட்டரை ஒளித்து வைக்கவும்.
எண் தட்டும் கேள்விகளுக்குக் குறைப்பு மதிப்பெண் இல்லை. காலியாக விடாதீர்கள்.
மையம் மதுரை என்றால் முந்தின நாளே போய்விடவும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்து. போன வருஷம் விடிகாலையில் கிளம்பி, இறங்கியதும் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தேன். இந்த வருஷம் மாட்டுத்தாவணிப் பக்கம் சித்தி வீட்டில் தங்கினேன்.
கணக்குக் கேள்வி வந்தால் தாளில் முதலில் எழுத வேண்டியது ஒரே சொல்: குளோபலா, லோக்கலா. அதை எழுதிய பிறகே கட்டம்.

இந்த வருஷமும் அலைன்மென்ட் கணக்கைக் கண்டதும் கை நடுங்கியது. தாளில் "குளோபல்" என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். முதல் வரிசையை நிரப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே போனேன்.

நேற்று சாயங்காலம் அடுத்த தெரு சரண்யா வந்தாள், மூன்றாம் வருஷம் மைக்ரோபயாலஜி. அடுத்த வருஷம் எழுதப் போகிறாளாம். "அக்கா, எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்று கேட்டாள். இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப்போய் சாக்பீஸைக் கையில் கொடுத்து, மேலே இருக்கும் அதே கணக்கைச் சொல்லி, முதல் வரிசையை நிரப்பச் சொன்னேன். கடகடவென்று நாலு கல்லிலும் 0 எழுதினாள். ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துவிட்டு, தரை காயும் வரை அந்த ஓரத்துக் கல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவளே எழுதினாள்: 0, −2, −4, −6.