மஞ்சள் மாத்திரைக்கு டாக்டரிடம் சம்மதம் வாங்கிய கதை

எனக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி என்று உறுதியானதுமே வீட்டுக்கு மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. பெரியம்மா மாதுளம்பழ ஓட்டைக் காயவைத்துப் பொடித்து அனுப்பினார். அலுவலக நண்பர் சோற்றுக் கற்றாழைச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருவர், "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு ஆறு மாசம் நிலவேம்பு குடிங்க" என்றார். குடல் அழற்சியைக் குறைக்க டாக்டர் கொடுத்த மெசலமைன் மாத்திரையில் ரத்தப்போக்கு நின்றிருந்தது. ஆனால் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது நிற்கவில்லை. இப்படியே போனால் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த மூலிகைகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் நிலவேம்பு. டெங்குக் காலத்தில் குடிநீராகக் குடித்த அதே கசப்புதான். அதன் சாற்றை எச்எம்பிஎல்-004 என்ற பெயரில் கோலைடிஸ்காரர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். 2013ல் வெளியான ஆய்வில் 224 பேர். தினம் 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நோயின் தீவிரம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு. படித்ததும் நம்பிக்கை வந்தது. ஆனால் அடுத்த கட்டப் பெரிய ஆய்வை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த 40 சதவீதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இது தானாகவே ஏறி இறங்கும் நோய். "எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் எதனால் கேட்டது என்பது அவருக்கும் தெரியாது.

அப்புறம் மஞ்சளிலுள்ள சத்தான குர்குமின். 2006ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நோய் அடங்கியிருந்த 89 பேர் வழக்கமான மாத்திரையோடு தினம் 2 கிராம் குர்குமினோ வெற்று மாத்திரையோ எடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் பக்கம் சுமார் 5 சதவீதம் பேருக்கும், மறுபக்கம் சுமார் 20 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அளவுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். 2 கிராம் வேண்டுமென்றால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும்! ராத்திரி மஞ்சள் பால் இதற்குக் கணக்கிலேயே வராது.

குர்குமின் எடுக்கலாமா என்று கேட்க, அதன் இரண்டு ஆய்வுகளையும் அச்செடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "கஷாயம் கேட்டு வந்திருக்கீங்களா சார்?" என்று சிரித்தாலும் டாக்டர் படித்துப் பார்த்தார். பித்தப்பைக் கல் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை. மெசலமைனில் ஒரு மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது, மிளகுச் சத்து கலந்தது வேண்டாம், தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் குடல் அழற்சி எவ்வளவு என்று காட்டும் கேல்ப்ரோடெக்டின் பரிசோதனையும் மலத்தில் எடுக்க வேண்டும் என்றார். மிளகிலுள்ள பைப்பரின் குர்குமினை நன்றாக உறிஞ்ச வைக்கும், கூடவே மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது அவர் கவலை. மூலிகை என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள் என்று ஓர் உதாரணமும் சொன்னார். சீனத்து நீலச் சாயப் பொடியான சிங் தாய் இந்த நோய்க்குக் கேட்டது, ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிய நோயாளிகளைப் பார்த்து ஜப்பான் அரசு 2016ல் எச்சரிக்கை விட்டது.

மிளகு இல்லாத மாத்திரையைத் தேடியதுதான் உண்மையான வேலை. பாதி டப்பாக்களில் வெறும் மஞ்சள் பொடி. '95 சதவீதம் குர்குமினாய்டு' என்று போட்டிருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் மிளகு. "அது இருந்தாத்தான் சார் வேலை செய்யும்" என்று கடைக்காரர் என்னோடு வாதாடினார். கடைசியில் வேறொரு கடையில் சொல்லி வைத்து வாங்கினேன். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கிராம், இரவு ஒரு கிராம். ஆரம்பத்தில் வயிறு உப்பியது, அளவைப் பாதியாக்கி மெதுவாக ஏற்றியதும் சரியானது.

கேல்ப்ரோடெக்டின் தொடக்கத்தில் 400ஐத் தாண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து 200க்குக் கீழே வந்தது. கழிப்பறைக்கு ஓடுவதும் குறைந்தது, ஸ்டீராய்டு பேச்சு இப்போதைக்கு இல்லை. மெசலமைனாலா மஞ்சளாலா என்று கேட்டேன். இதே காலத்தில் மெசலமைன் அளவையும் கூட்டியிருந்ததால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கல்லீரல் பரிசோதனை இப்போதும் தொடர்கிறது, குர்குமின் மாத்திரைகளால் மஞ்சள் காமாலை வந்தவர்கள் உண்டு என்பதால். அடுத்த கொலோனோஸ்கோபியில் புண் ஆறியிருந்தால் குர்குமினை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார். மெசலமைனை நிறுத்துவது பற்றிப் பேச்சே இல்லை.