பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் இரண்டு ரெசிஸ்டர்

என் கிட்டார் ஆம்பில் மூன்று வாரமாக இழுத்த தகராறு நேற்று ராத்திரி தீர்ந்தது. மாஸ்டர் வால்யூமைக் கடைசி வரை திருப்பி கிட்டாரில் ஒரு ஈ கார்டு (E chord) அடித்தேன். வால்வின் கரகரப்பு மட்டும்தான் வந்தது. பவர் ஆம்ப் சிப் கிழிகிற சத்தம் இல்லை. அரை மணி நேரம் அதே கார்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

கிட்டார் சிக்னலை முதலில் வாங்கும் பிரீஆம்பில் இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு: மூன்று கெயின் ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் படிகள்), டோன் ஸ்டாக், மாஸ்டர், கடைசியில் கேத்தோடு ஃபாலோயர் (பெருக்காமல் அடுத்த பகுதியை ஓட்டும் படி). ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் எல்எம்3886 சிப், கெயின் 21, அதாவது 21 மடங்கு பெருக்கும். மாஸ்டர் பாதியைத் தாண்டினாலே சிப் கிளிப் ஆகும், அதாவது அலையின் தலை வெட்டுப்படும். வீட்டில் வாசிக்கிற சத்தத்துக்குக் குமிழ் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவிலேயே நிற்கும். துளி நகர்த்தினால் பக்கத்து வீடு வரை கேட்கும். முதலில் மூன்றாவது ஸ்டேஜைச் சந்தேகப்பட்டு, பிளேட் ரெசிஸ்டரிலிருந்து கப்பாசிட்டர் வரை மாற்றிப் பார்த்தேன். குற்றம் அங்கே இல்லவே இல்லை.

கடைசியில் அளக்க உட்கார்ந்தேன். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் அலுமினிய ரெசிஸ்டரை ஹீட்சிங்கில் திருகி, போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மஞ்சள் மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏசி வோல்டேஜில் தடுமாறும். ஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகத் தொடங்கியபோது 17 வோல்ட், அதாவது 36 வாட். 17ஐ 21ஆல் வகுத்தால் 0.81. பவர் ஆம்புக்கு வேண்டியது அவ்வளவுதான். பிரீஆம்ப் முழு மாஸ்டரில் தள்ளுவது 6.4 வோல்ட்! எட்டு மடங்கு, 18 டெசிபல் அதிகம்.

பவர் ஆம்பின் கெயினையே குறைக்கலாமே என்று தோன்றும். எல்எம்3886 கெயின் 10க்குக் கீழே போனால் நிலைக்காது, ஆசிலேட் ஆகத் தொடங்கும், அதாவது தானாகவே அலையடிக்கும். 21இலிருந்து 10க்கு இறக்கினாலும் குறைவது 6 டெசிபல்தான். அதனால் டிவைடர், அதாவது வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்.

இங்கேதான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. 68 கே (கிலோ ஓம்) தொடரில், 10 கே கிரவுண்டுக்கு. கணக்குப்படி 0.82 வோல்ட் வரவேண்டும், வந்தது 0.59. அவுட்புட் 12.3 வோல்ட், 19 வாட். பாதி பவர் காணோம். ரெசிஸ்டர்களைக் கழற்றி அளந்தால் இரண்டும் சரி. சாயங்காலம் ஆம்ப் போர்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் இன்புட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 22 கே கண்ணில் பட்டது. என் 10 கே அதோடு இணையாகச் சேர்ந்து 6.9 கே ஆகியிருக்கிறது. 68 கேயை எடுத்து 47 கே வைத்தேன், 0.82 வந்துவிட்டது.

டிவைடரைப் பவர் ஆம்ப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் நடுவிலுள்ள ஒயர் பிடிக்கிற ஹம்மும் (மின்சார உறுமல்) 18 டெசிபல் இறங்கும். முதல் ஸ்டேஜின் ஹிஸ் (‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்) சிக்னலோடு சேர்ந்தே வருவது, அது இதனால் போகாது. ஆனாலும் மாஸ்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது. வீட்டுச் சத்தத்துக்குக் குமிழ் பன்னிரண்டு மணியைச் சற்றே தாண்டி நிற்கிறது, நகர்த்த நிறைய இடம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் நூறு நூறாகப் பாக்கெட்டில் கிடைக்கும். 47 கே, 68 கே, 100 கே மூன்றும் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே நடையில் இரண்டு டிஎல்072 ஆப்-ஆம்ப் சிப்பும் வாங்கிவிட்டேன், எஃபெக்ட்ஸ் லூப்புக்கு (சிக்னலை நடுவில் எஃபெக்ட் பெடல் வழியாக வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவரும் வழி). பெடலுக்கு 0.8 வோல்ட் அதிகம், 0.3 பக்கம் இறக்கி அனுப்பி, திரும்பும்போது ஏற்ற வேண்டும். வரைந்தாகிவிட்டது. டிவைடர் இன்னும் முதலைக் கிளிப்பில்தான் தொங்குகிறது, சனிக்கிழமை டேக் போர்டில் சால்டர் வைக்கணும்.