ரெண்டு பாக், ஒரு கித்தார், ஒரு முருங்கைத்தடி: நான் வன்னிக்கு மாறின கதை

கத்தோலிக்கக் குருவாகப் படிக்கிற நாங்கள் மெய்யியல் முடிச்சு இறையியலுக்குப் போக முதல் ஒரு வருசம் ஒரு கோயில் பங்கில போய் வேலை செய்யவேணும், அதை நாங்கள் ரீஜென்சி எண்டு சொல்லுவம். கூடப் படிச்ச ஒருத்தனுக்கு மன்னார், இன்னொருத்தனுக்கு கொழும்புப் பக்கம், எனக்கு வன்னியில மல்லாவிப் பக்கம் எண்டு கடிதம் வந்திச்சு. நான் பிறந்தது குருநகர், படிச்சது கொழும்புத்துறை, ரெண்டும் யாழ்ப்பாணத்தில கடலோட ஒட்டின இடம், அதால கடிதத்தை வாசிச்ச உடன எனக்கு வந்த முதல் யோசினை "அங்க மீன் கிடைக்குமோ" எண்டதுதான், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்.

எங்கட அமலமரித் தியாகிகள் எண்ட துறவறச் சபை இலங்கைக்கு வந்தது 1847ல. ஆனா மிசனறி எண்டு சொன்னா சனம் இப்பவும் தாடி வைச்ச வெள்ளைச் சுவாமியைத்தான் நினைக்குது. நான் ஏ9ல வவுனியா பஸ்ஸில யன்னல் சீற்றுக்கு அடிபட்டுப் போன மிசனறி. ரெண்டு பெரிய பாக், ஒரு கித்தார், மறைக்கல்விப் புத்தகம் ஒரு பெட்டி, பிரசங்கக் குறிப்பு ரெண்டு கொப்பி. வாளி இல்லை, டோர்ச் இல்லை, செருப்பு ஒரே ஒரு சோடி. இதை இனிப் போற ஆக்களுக்காகத்தான் எழுதுறன், வாளியையும் டோர்ச்சையும் முதல் எடுத்து வையுங்கோ, புத்தகம் பிறகு.

முறிகண்டியில பஸ் நிண்டது, டிரைவர் அண்ணை இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிச்சார், நானும் இறங்கி கச்சான் கடலை வாங்கினன். எந்தச் சமயக்காரரா இருந்தாலும் அந்த இடத்தில இறங்காமப் போறது குறைவு. பிறகு கொக்காவில் கோபுரம் தெரிஞ்சுது, 174 மீட்டர் உயரம், அதைப் பாத்து சிக்னலுக்குப் பிரச்சினை இருக்காது எண்டு நினைச்சன் பாருங்கோ, இப்ப வீட்டுக்குக் கதைக்கிறதெண்டா குளக்கட்டில ஏறி ஒரு மருத மரத்தடியில நிக்கவேணும், அதுவும் கோல் எடுத்தா இடப்பக்கம் திரும்பக் கூடாது. மாங்குளத்தில இறங்கி மற்ற பஸ், அதால இறங்கி ஒரு அண்ணையின்ர லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில பாக்குகளுக்கு மேல குந்தியிருந்து கடைசி நாலு கிலோமீற்றர். ஆடி மாசம், கச்சான் காத்து, போய் இறங்கேக்க என்ர வெள்ளைச் சேட் செம்மண் நிறம்.

பங்குச் சுவாமி பெரிய அறைவீட்டில (குருமனையில), அவருக்கு அஞ்சு கிளைக்கோயில், நான் தங்கினது கடைசிக் கோயிலுக்குப் பின்னால இருக்கிற ஒரு அறையில. சாப்பாடு முறை வைச்சு வீட்டுக்கு வீடு. முதல் முறை ஊரில ஒரு ஆச்சியின்ர வீடு, கோயில் திறப்பும் அவவிட்டத்தான்.

ஆச்சி என்னைப் பாக்க முதல் என்ர பாக்கைப் பாத்தா. "பிறதர், இதில எது தண்ணிக்குள்ள விழுந்தா அழுவியள்?" எண்டு கேட்டா. எனக்கு விளங்கேல்ல. பிறகு உள்ள போய் சுவரில கொழுவியிருந்த ஒரு சொப்பிங் பாக்கை எடுத்துக்கொண்டு வந்தா. அதுக்குள்ள இன்னொரு சொப்பிங் பாக், அதுக்குள்ள உரப்பை வெட்டின துண்டு, அதுக்குள்ள பிறப்புச் சான்றிதழ், காணிக் கடதாசி, மூத்த மகன்ர ஓஎல் பெறுபேறு, ஒரு கலியாணப் படம், ஓரம் கறுத்த திருமுழுக்குத் தாள் ஒண்டு. ஒரு சின்ன றப்பர் பாண்ட், அதை மட்டும் வருசம் வருசம் மாத்துறவாவாம். இப்பவும் அது ஆணியிலதான் தொங்குது, அலுமாரி இருக்கு, ஆனா அதுக்குள்ள வைக்க மாட்டா.

சண்டைக்குள்ள 2008 கடைசியில வீட்டை விட்டு வெளிக்கிட்டது எண்டா. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், பேந்து மெனிக்பாம் முகாம். ஊர்ப்பேரைச் சொல்லேக்க விரலை மடிச்சா, ஒரு கை முடிஞ்சு மற்றக் கைக்குப் போயிட்டுது. "முதல் இடத்தில தையல் மெசினை விட்டனாங்கள், ரெண்டாவதில கதவு நிலை, கடைசியில அரிசிப் பானையையும் விட்டாச்சு, இது மட்டும் வந்தது." நான் ஒரு வருசத்துக்கு இடம் மாறினதைப் பெரிய தியாகம் மாதிரி வீட்டுக்கு போனில சொல்லிக்கொண்டு வந்தனான், அண்டு பின்னேரம் வாயைத் திறக்கேல்ல. அவ அதைச் சோகமாச் சொல்லவும் இல்லை, சாமான் கட்டத் தெரியாத ஒருத்தனுக்கு வகுப்பு எடுத்த மாதிரித்தான் சொன்னா.

அதே பாக்கால எனக்கு வேலையும் வந்தது. கலியாணம் எழுதவேணும் எண்டா திருமுழுக்குப் பதிவு வேணும், சண்டையில சில கோயில் புத்தகங்கள் துலைஞ்சு போச்சுது. ஆச்சியின்ர தாள் தப்பினது, எல்லாருக்கும் தப்பேல்ல. திருச்சபைச் சட்டம் 876இன்படி நம்பக்கூடிய ஒரு சாட்சி சொன்னாலே காணும், இதால வேற ஆருக்கும் பாதிப்பு இல்லையெண்டா. குருமடத்தில படிக்கேக்க அந்த இலக்கத்தைச் சோதினைக்குப் பாடமாக்கி மறந்து போனன். இஞ்ச அது என்னெண்டா, சைக்கிள்ல அலைஞ்சு ஞானத்தாயையோ ஞானத் தகப்பனையோ தேடிப் பிடிக்கிறது. ஒருத்தர் கனடாவில, ஒருத்தர் இல்லை, ஒரு பெரியம்மா மட்டும் "ஓம் நான்தான் பிள்ளையைத் தூக்கினனான், தண்ணி ஊத்தேக்க என்ர சீலையெல்லாம் நனைஞ்சது" எண்டு சொன்னா. அதை எழுதி அவவின்ர கையெழுத்து வாங்கி பங்குச் சுவாமியிட்டக் குடுத்தன். இந்த வருசம் நான் உருப்படியாச் செய்த வேலை எது எண்டு கேட்டா இதைத்தான் சொல்லுவன், கித்தார் இல்லை.

தண்ணியைப் பற்றிச் சொல்லாட்டி வன்னியைப் பற்றிச் சொன்னதாகாது. கிணத்துத் தண்ணி பாக்கக் கண்ணாடி மாதிரி, ஆனா சவர்க்காரம் நுரைக்காது, தலையில சம்பூ போட்டா முடி தும்பு மாதிரி நிக்கும். கேத்தில் ரெண்டு கிழமையில உள்ளுக்கு வெள்ளையாப் படிஞ்சு போச்சு, நகத்தால சுரண்டினா தகடு தகடா வருது. குடிக்கிறதுக்குச் சுத்திகரிச்ச தண்ணி, கான் கட்டிச் சைக்கிள்ல கொண்டுவரவேணும். முதல் நாள் கானை ஒரு பக்கம் மட்டும் கட்டி, பாரம் இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க மதகடியில விழுந்தன். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில என்ன கேட்டாலும் சிரிப்புத்தான்.

மீன் கேள்விக்கும் பதில் கிடைச்சுது. குளத்து மீன், விரால் நல்லாத்தான் இருக்கு, திலாப்பியாவுக்கு இன்னும் என்ர நாக்கு பழகேல்ல, ஆனா எந்த வீட்டிலயும் சொல்லேல்ல. எருமைத் தயிரும் தேனும் இருந்தா வேற ஒண்டும் வேண்டாம். போன உடன பொடியள் ஒரு தொப்பி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து தந்தாங்கள், கடைசிப் பழங்களாம், நான் ஆசையில ஒரேயடியா அள்ளித் திண்டு, அந்தப் பால் சொண்டில ஒட்டிப் பிடிச்சு, பின்னேரச் செபமாலைக்கு "அருள் நிறைந்த மரியே" எண்டு வாய் திறக்கேக்க மேல்சொண்டும் கீழ்சொண்டும் விடமாட்டன் எண்டிச்சுது.

ஆறு மணிக்குப் பிறகு தனிய வெளிக்கிடாதேங்கோ எண்டு எல்லாரும் சொன்னவை. யானை. ஒருநாள் அன்பியக் கூட்டம் (அயல் வீட்டுக்காரர் கூடிச் செபிக்கிற கூட்டம்) இழுபட்டு, வாற வழியில சைக்கிள் காத்துப் போய், ஏழு மணி இருட்டில உருட்டிக்கொண்டு வந்தன், பத்தைக்குள்ள தடி முறியிற சத்தம் கேட்டிச்சு. யானையோ மாடோ தெரியாது, நான் நிண்டு பாக்கேல்ல. யோசேப் வாஸ் முனிவர் 1687ல இலங்கைக்கு வந்து இந்தக் காடெல்லாம் வெறுங்காலோட நடந்தவர் எண்டு நாங்கள் படிக்கிறம், 2015 தை 14 காலமை கொழும்பில அவரைப் புனிதராக்கிப்போட்டு திருத்தந்தை பிரான்சிஸ் பின்னேரம் மடுவுக்கு வந்தவர், நான் அப்ப பள்ளிக்கூடப் பொடியன், சனத்துக்குள்ள ஆற்றையோ தோளுக்கு மேலால ஒரு வெள்ளைத் தொப்பியைப் பாத்தன். அண்டிரவு அந்த முனிவரைக் கூப்பிட்ட மாதிரி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இன்னொரு விசயம், இது முக்கியம். தேத்தண்ணிக் கடையில ஒரு ஐயா பிளேன்ரீயை ஆத்திக்கொண்டு, "தம்பி நீங்கள் கூட்டம் வைச்சு ஆள் சேக்கிற ஆக்களோ?" எண்டு நேராக் கேட்டார். இல்லை ஐயா, வேதக்கோயில் பிறதர் எண்டன். "அப்ப சரி" எண்டார், ஆனா ரெண்டு மாசம் நல்லா உத்துத்தான் பாத்தவர். அவரைக் குறை சொல்லேலாது. சண்டை முடிஞ்ச பிறகு எத்தினையோ பேர் வந்து படம் எடுத்து, பேர் எழுதி, ஒரு பாக் குடுத்துட்டுப் போயிருக்கினம். அந்த ஊரில பாதிச் சனம் 77 கலவரத்தோட மலையகத்தில இருந்து வந்த குடும்பங்கள், அவையளும் எத்தினை ஆக்களைக் கண்டிருப்பினம். ஐயா மாரியில நெல்லு மூட்டை ஏத்தேக்க நானும் ஒரு கை பிடிச்சன், அதுக்குப் பிறகு பிளேன்ரீக்குக் காசு வாங்கிறேல்ல.

விதானையாரிட்டப் பதிஞ்சது, வதிவிடக் கடதாசி எடுத்தது எல்லாம் ஒரு காலமையோட முடிஞ்சுது, எழுத ஒண்டும் இல்லை. ஐப்பசி மழைக்கு அறை ஒழுகிச்சுது, பிரசங்கக் கொப்பி ரெண்டும் நனைஞ்சு மை கரைஞ்சு போச்சு. ஆச்சி கேட்ட கேள்வி அப்பத்தான் விளங்கிச்சு. அழேல்ல, அதுக்குள்ள இருந்த பிரசங்கமெல்லாம் இஞ்சத்தைய சனத்துக்குச் சரிவராத பிரசங்கம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்ட கேள்வி ஒண்டுதான், "எத்தினை நாள் நிப்பியள்?" பேர், ஊரெல்லாம் அதுக்குப் பிறகு. ஆச்சிக்கு முதல் நாளே ஒரு வருசம் எண்டு சொல்லிப்போட்டன். அவ கொஞ்சம் யோசிச்சு, "ஒரு வருசமெண்டா முருங்கை காணும், மாமரம் வேண்டாம்" எண்டு சொல்லி, வேலியில ஒரு தடி வெட்டி, நுனியில சாணி அப்பி, என்ர அறைக்குப் பின்னால நட்டுவிட்டா. தண்ணி ஊத்திறது என்ர வேலை. இண்டைக்குக் காலமை பாத்தன், பூ வந்திருக்கு, மயிர்க்கொட்டியும் வந்திருக்கு.