வளைவைப் பார்க்கக் கற்பித்தல்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு மரப்பட்டறையில் ஒரே கட்டையிலிருந்து கையால் வில் செய்வதும், அதைக் கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். கத்தி பிடிப்பதையும் அரம் போடுவதையும் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம். வளைந்து நிற்கும் மரத்தைப் பார்த்து, அதில் எந்த இடம் உழைக்கிறது, எந்த இடம் உழைக்காமல் விறைத்து நிற்கிறது என்று கண்டுகொள்ள வைப்பதுதான் கடினம். என் கற்பித்தல் முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

வில்லுக்குப் பெயர்பெற்ற மரம் யூ. இலக்கைப் பார்க்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்வோம்; நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு அழுத்தப்படுகிறது. யூ மரத்தில் பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியான வெளிறு நீட்சியையும், அதற்கு உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியான வைரம் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்குவதால், இரண்டும் சேர்ந்து வரும்படி கட்டையைப் பிளந்துவிட்டால் வில்லுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே கட்டையில் கிடைத்துவிடும். நல்ல யூ அன்றைக்கும் போதவில்லை. வணிகக் கப்பல்கள் தம் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் இங்கிலாந்தில் சட்டமே இயற்றினார்கள். இன்றும் நேரான, கணு குறைந்த யூ கட்டைக்கு விலை அதிகம். அதன் தூளும் நச்சு. ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஆஷ் மரத்தையே கொடுக்கிறேன்.

ஆஷ் மரத்திலும் இப்போது கவனம் தேவைப்படுகிறது. 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் நாடெங்கும் ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்துவருகிறது. நோய் முற்றிய மரம் எளிதில் முறியும். உச்சிக் கிளைகள் செழிப்பாக இருக்கும் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆப்பு அடித்துப் பிளந்து, வெடிக்காமலிருக்க இரு முனைகளிலும் பசை பூசி, நிழலில் நீண்ட காலம் உலரவிட்ட பிறகே கட்டை மாணவர் கைக்கு வருகிறது. பட்டையை உரித்ததும் தெரிகிற மேல்வளையமே வில்லின் முதுகு. அதில் கத்தி பட்டு நார் அறுந்தால், வில் வளையும்போது அந்த இடத்தில்தான் சிம்பு கிளம்பும். எனவே மரத்தைக் குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்திலும் விளிம்புகளிலும் மட்டுமே.

வளைவைச் சீர்ப்படுத்தும் கட்டத்தை இங்கே டில்லரிங் என்கிறார்கள். சுவரில் பொருத்திய தாங்கியில் வில்லின் பிடியை வைத்து, நாணில் கொக்கி மாட்டி, கீழேயுள்ள கப்பியின் வழியாகக் கயிற்றை இழுத்தால், சில அடி தள்ளி நின்றே வில் வளைவதைப் பார்க்கலாம். ஏதோ ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறி மடங்குவது தெரிந்தவுடன் மாணவரின் கை அந்த இடத்துக்கே போகும். கண்ணை இழுப்பது அதுவாகையால், சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்த இடத்தைத் தொடவே கூடாது. அது ஏற்கெனவே மெலிந்துவிட்டது; அதற்கு இருபுறமும் விறைத்து நிற்கும் பகுதிகளைச் சுரண்டி, அவையும் அதே அளவு வளையும்படி செய்ய வேண்டும். எடுத்த மரத்தை ஒட்டவைக்க முடியாத இந்த வேலையில் வேறு வழி இல்லை. அதுவும் மிக மெதுவாகச் செய்ய வேண்டும்: தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் நாணை இருபது முப்பது தடவை பாதியளவு இழுத்துவிட்டால்தான் அந்தச் சுரண்டலின் விளைவு மரத்தில் முழுமையாகத் தெரியவரும். அதற்குப் பொறுக்காமல் மறுபடி சுரண்டுகிறவர், தேவைக்கு இரு மடங்கு எடுத்துவிடுவார்.

நடுவில் பென்சில் செருகிய ஒரு சிறு நேர்க்கட்டை என்னிடம் உண்டு. மிக அதிகமாக வளைந்த இடத்தின் குழிவுக்கு ஏற்ப பென்சில் முனையை நீட்டி, நாணேற்றிய வில்லின் வயிற்றில் அதைத் தள்ளிக்கொண்டே போனால், வளைவு குறைவான இடங்களில் எல்லாம் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டினால் போதும். பயனுள்ள கருவிதான். ஆனாலும் வகுப்பின் முற்பகுதியில் அதை வெளியே எடுப்பதில்லை. கோட்டை நம்பியே வேலை செய்தவர் வீட்டுக்குப் போய்த் தனியாக ஒரு வில் செய்ய உட்காரும்போது அவர் கண் இன்னும் பழகியிருக்காது.

மரவேலையில் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் அதிகம் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நாற்காலியும் அலமாரியும் செய்து பழகிய தச்சர் ஒருவர் தன் வில்லை முனைவரை ஒரே சீராகத் தடிமன் குறையும்படி அளந்து இழைத்தார். பார்க்க அழகாக இருந்த அந்த வில், தாங்கியில் ஏற்றியதும் கணு இருந்த இடத்தில் மடங்கியது. கணுவைச் சுற்றி நார் விலகி ஓடுவதால் அங்கே மரத்தைச் சற்றுப் புடைப்பாக விட வேண்டும். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த யூ விற்களிலும் கணுக்களைச் சுற்றி இப்படிப் புடைப்பு விட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த விற்களின் படங்களை அவரிடம் காட்டினேன். அதே வகுப்பில், உளியையே பிடித்தறியாத முதிய பெண்மணி ஒருவர் முக்காலியில் அமர்ந்து, கயிற்றை யாராவது இழுக்க, நெடுநேரம் தன் வில்லைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இடப்பக்கத்தில் முனையை ஒட்டிய கடைசி மூன்றில் ஒரு பங்கு அசையவே இல்லையே” என்றார். அது சரியான கணிப்பு.

எத்தனை பவுண்டு இழுவிசையுள்ள வில் கிடைக்கும் என்பதே பலரின் முதல் கேள்வி. மேரி ரோஸ் விற்கள் நூறு பவுண்டுக்கு மேல் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நாற்பது பவுண்டு என்பது ஏமாற்றமாக இருக்கிறது. நான் எண்ணை முன்கூட்டிச் சொல்வதில்லை. எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சுரண்டலை நிறுத்தி, வளைவு சீராகாத வில்லை முழு நீளத்துக்கு இழுத்தால், மெலிந்த இடத்தின் வயிற்றில் நார்கள் நசுங்கி, குறுக்கே மயிரிழை போன்ற வரி விழும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். விழுந்தபின் அதை மாற்ற முடியாது. வளைவு சீரானபின் மிஞ்சுவது எத்தனை பவுண்டோ, அதுவே அந்தக் கட்டை தரக்கூடிய வில் என்பது என் உறுதியான கருத்து. போருக்கான விற்களைச் செய்யும் ஆசை தவறல்ல. அதற்கு வேறு கட்டையும் அதைவிடக் கூடுதலான பழக்கமும் வேண்டும்.

கற்பிக்கும்போது மாணவரின் கையிலிருந்து கருவியை வாங்குவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். நான் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தால் வில் பிழைத்துவிடும் என்று தெரியும்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இப்போது எங்கே அசையவில்லை?” என்று மட்டும் கேட்கிறேன். சில விற்கள் அதனால் முறிந்திருக்கின்றன. முறிந்த துண்டுகளை மேசைமேல் சேர்த்துவைத்து, எங்கிருந்து முறிவு தொடங்கியது என்று எல்லோரும் பார்த்த பிறகு, அவருக்கு வேறொரு கட்டையை எடுத்துத் தருகிறேன்.

வில்லோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம், நாணில் அம்பில்லாமல் இழுத்து விடாதீர்கள், எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள், குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் வைக்காதீர்கள் என்று சொல்லியனுப்புகிறேன். புது வில் முதல் சில வாரங்களில் இன்னும் சற்றுத் தளர்ந்து, ஒரு பாதி மற்றொன்றைவிட விறைப்பாகத் தெரியலாம். அப்போது திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். வருகிறவர்களின் வில்லைக் கையில் வாங்கும் முன், எந்தப் பாதி விறைத்திருக்கிறது, எங்கே சுரண்ட வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்கிறேன். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள்.