ஒரே பத்தி, மூன்று தாள்

நாற்பது பேர் உள்ள ஆங்கில வகுப்பில் ஐந்து பேர் பத்தி பத்தியாக எழுதுவார்கள். பத்துப் பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவார்கள். நடுவில் இருப்பவர்களைப் பார்த்துப் பாடம் நடத்தினால் இரண்டு ஓரமும் விட்டுப்போகும். மூன்று தரத்துக்கும் மூன்று பாடம் தயாரிக்கிற ஆசிரியர் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார். பாடம் ஒன்றே போதும். கைத்தாங்கல்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

சொல்வதெழுதுதலை எடுத்துக்கொள்வோம். 80 சொல் கொண்ட ஒரு பத்தி. முதல் தாளில் பத்தி முழுவதும் அச்சாகியிருக்கும். 10 இடம் மட்டும் காலி, ஒவ்வொன்றின் கீழும் தேர்ந்தெடுக்க இரண்டு சொற்கள். இரண்டாவதில் 20 இடம் காலி, உதவிச் சொல் கிடையாது. மூன்றாவது வெறும் கோடு போட்ட தாள்.

பத்தியை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை பேனா கீழே, காது மட்டும். இரண்டாம் முறை ஐந்தாறு சொல்லுக்கு ஒருமுறை, பொருள் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். சொல் சொல்லாகப் பிய்த்து வாசித்தால் பிள்ளைகள் எழுத்தைத்தான் கேட்பார்கள், வாக்கியத்தைக் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, சரிபார்க்க, இயல்பான வேகத்தில்.

எந்தச் சொல்லைக் காலியாக விடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடினமான சொற்களை எடுத்துவிடுவார்கள். மெல்லக் கற்போர் முதல் வரியிலேயே பேனாவை வைத்துவிடுவார்கள். முதல் தாளில் ஏற்கெனவே கற்பித்த சொற்களை மட்டும் எடுங்கள். ‘த’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொற்கள் பேச்சில் அமுங்கிப் போவதால் காதுக்குப் பிடிபடாது. அவை இரண்டாம் தாளுக்கு ஏற்றவை. ‘யெஸ்டர்டே ஹீ வாக்ட் டு த ஸ்டேஷன்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். வாக்ட் என்பதன் கடைசி ஒலி அடுத்து வரும் டு-வில் கலந்துவிடும். நன்றாக எழுதும் பிள்ளையும் ‘வாக்’ என்றே எழுதும். அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்தது அவ்வளவுதான். ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லைக் காட்டி, காது விட்டதை இலக்கணத்தால் பிடிக்கப் பழக்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு முதல் தாள் எழுதியவரையும் மூன்றாம் தாள் எழுதியவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். தாளைக் காட்டக் கூடாது, வாசித்தோ எழுத்தெழுத்தாகவோ வாயால்தான் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அச்சான வரிகள் முதல் தாளில் இருப்பதால், மீத்திறன் மாணவர் தன் எழுத்துப்பிழையைத் திருத்த மெல்லக் கற்பவரைக் கேட்டே ஆக வேண்டும். காலி இடத்துக்கு அவர் இவரைக் கேட்பார். ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குகிற குழு வேலையில் இது நடக்காது.

தாள்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்காதீர்கள். பிள்ளைகள் அதை ஒரே நாளில் தரவரிசையாகப் படித்துவிடுவார்கள். ஒரே தலைப்பு, ஒரே அளவு, மூன்று அடுக்கு, தாங்களே எடுக்கட்டும். எழுதத் திணறுகிற பிள்ளை கேட்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம் என்பதால், எல்லாத் திறனுக்கும் ஒரே குழு என்று பூட்டிவிடுவதும் தவறு.

கேள்வி கேட்கும்போது பெயரை முதலில் சொல்லாதீர்கள்; சொன்னால் மற்ற 39 பேரும் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். கேள்வி, காத்திருப்பு, பிறகு பெயர். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்றாக்கினால் பதில்கள் நீளுகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். வேற்று மொழியில் யோசித்துச் சொல்ல வேண்டியவருக்கு ஐந்து விநாடியாவது கொடுங்கள்.

பேச்சு சரளமாகிவிட்டது என்று கைத்தாங்கலை மொத்தமாக எடுத்துவிடுவது இன்னொரு பிழை. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுக்குச் சுமார் 2 ஆண்டும் பாடநூல்களில் வரும் பாடமொழிக்கு 5 முதல் 7 ஆண்டும் ஆகும் என்றார். வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே கேட்காத பிள்ளைக்கு அதைவிடச் சீக்கிரம் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சீக்கிரம் முடித்தவருக்கு அதே மாதிரி இன்னொரு பயிற்சி கொடுப்பது தண்டனைதான். 80 சொல்லைப் பொருள் கெடாமல் 40 ஆக்கச் சொல்லுங்கள். வரியில் நேரடியாக விடை இல்லாத இரண்டு கேள்விகள் எழுதச் சொல்லி, மறுநாள் அவற்றையே வகுப்பில் கேளுங்கள்.

முதல் தாளில் அடுத்தடுத்து இரண்டு முறை 9 வந்துவிட்டால் இரண்டாவது அடுக்கைக் காட்டுங்கள். அங்கே பாதிக்குக் கீழே போனால் ஒரு வாரம் திரும்பி வரட்டும். அப்போது மட்டும் காலி இடங்களின் கீழ் உள்ள உதவிச் சொற்களை அடித்துவிட்டுக் கொடுங்கள்.