செட்டுன்னா எந்தச் செட்டு?

போன வாரம் அம்மா எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, "செட்டுல கரண்ட் இல்லீங்க, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எலக்ட்ரீசியன் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து மலையாளி. வந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேராகத் தோப்புக் கிணற்றுக்குப் போய், ஸ்டார்ட்டரைக் கழற்றி, ஃபியூஸைப் பார்த்து, மோட்டாரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ" என்று வந்து நிற்கிறார். அம்மா சொன்னது மாட்டுச் செட்டை. பசு இரண்டும் இருட்டில் நின்றுகொண்டிருந்தன.

தப்பு யார் மேலும் இல்லை. ஷெட், செட் இரண்டும் நம் வாய்க்குள் போனால் செட்டு என்று ஒன்றாகத்தான் வெளியே வரும். கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற எவருக்கும் இரண்டும் இருக்கும், தண்ணீர் இறைக்க பம்ப் செட் ஒன்று, மாடு கட்ட ஷெட் ஒன்று.

இங்கிலீஷ்காரனுக்கே இந்த வார்த்தை பெரிய தலைவலிதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள், விளக்கம் சுமார் 60,000 சொற்கள். அப்புறம் அகராதியைத் திருத்தும்போது ரன் என்ற வினை 645 பொருளோடு முந்திவிட்டது. இன்னொரு விஷயம், அங்கேயும் இது ஒரே சொல் இல்லை. வைப்பது, பொருத்துவது என்ற செட் பழைய ஆங்கிலத்தில் 'உட்கார வை' என்பதிலிருந்து வந்தது. கூட்டம், தொகுதி என்ற செட் லத்தீன் செக்டாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, மதப்பிரிவைச் சொல்கிற செக்ட் இருக்கிறதே, அதே வேர். "அவன் எங்க செட்டுடா" என்று பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனைச் சொல்கிறோமே, அது இந்த இரண்டாவது வகை. சிமெண்ட் செட் ஆகணும், ஜாதகம் செட் ஆகல என்பதெல்லாம் முதல் வகை.

பரோட்டா ஒரு செட் என்றால் இரண்டு. ஓணத்துக்குக் கட்டுகிற செட்டு முண்டும் இரண்டு துணி, இடுப்புக்கு முண்டு, மேலே நேரியது. ஆனால் செட் சாரி என்று விற்பது ஒரே துணி! இதைக் கடைக்காரரிடம் கேட்டேன், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதையெல்லாம் விடப் பெரிய கூத்து தங்கை விஷயத்தில் நடந்தது. அவள் கேரளா செட் தேர்வு எழுதித் தேறினாள். பொள்ளாச்சிச் சித்தப்பா சொந்தக்காரர் வீடெல்லாம் போய் "பொண்ணு காலேஜ் புரபசர் ஆகப்போறா" என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் செட் என்றால் காலேஜ் உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. கேரளாவில் அதே பெயரில் நடப்பது மேல்நிலைப் பள்ளி, அதாவது பதினொன்று பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு. மாநில எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் சர்டிபிகேட்டுக்கே அர்த்தம் மாறுகிறது. சித்தப்பா இன்னும் திருத்திச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

எலக்ட்ரீசியன் கடைசியில் மாட்டுச் செட்டுக்குப் போய், எலி கடித்த ஒயரை மாற்றி, பல்ப் எரிந்ததும் "செட்டாயி, சேச்சி" என்றார். அம்மா பாவம், "ஆமாங்க, இந்தச் செட்டுதான்" என்றார். கூலி மட்டும் இரண்டு செட்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போனார்.